‘முன்பு’ படம்

ஞாயிறு ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு
நீல பெயிண்ட் அடித்தேன், இரண்டு கோட்.
மறுநாள் கார்ப்பரேஷன் ஆள் வருகிறார்கள்.
விருந்தாளி வந்தால் வீட்டைப் பெருக்க மாட்டோமா,
அந்தக் கணக்குதான்.
துருவை உப்புத்தாளால் தேய்த்தேன்.
தொங்கிய ஒயரை மூன்று கிளிப்பில் அடக்கினேன்.
பான் கறையைச் சுரண்டும்போது
சுவரும் கொஞ்சம் கூடவே வந்தது.
பட்டி பூசி மூடினேன்.

சிவாஜிநகர், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெரு.
கடையின் அகலம் ஆறடி நாலங்குலம்.
குக்கர் கேஸ்கட், வெயிட், மிக்ஸி ஜார், பிளேடு.
வருகிறவர்கள் மூடியை
மார்போடு பிடித்துக்கொண்டு வருவார்கள்,
சண்டையில் தோற்ற கேடயம் மாதிரி.

வந்தது சின்னப் பெண், சுஷ்மா ஹெப்பார்.
கையில் அளவெடுக்கும் லேசர்.
சிவப்புப் புள்ளி சுவரில் ஊர்ந்தது.
சம்ஷீர் பாயின் பூனை அதைத் துரத்திக்கொண்டு
பர்தாக் கடையிலிருந்து ஜெராக்ஸ் கடை வரை
எங்கள் மூன்று பேரையும்
ஒரே ஓட்டத்தில் அளந்துவிட்டது.

“சென்னாகிதே மேடம்” என்றாள்.
சொன்ன வாயோடு முகம் சுருங்கினாள்.
நன்றாக இருப்பதுதான் சிக்கலாம்.
விரிசலுக்குப் பத்து மார்க்,
தொங்கும் ஒயருக்குப் பத்து,
துருப்பிடித்த ஷட்டருக்கு இருபது.
அறுபது தேறினால் முகப்புக்கு உதவித்தொகை.
அதுவும் பாதிச் செலவுக்கு.
மீதிப் பாதி நம்முடையது,
நம்முடைய பாதி முதலில்.

எனக்கு இருபத்தேழு.
எட்டாம் வகுப்புக் கணக்கில்கூட
முப்பத்தொன்று வாங்கியவள் நான்.

“பெயிண்டுக்கு முன்னால் எடுத்த படம்
ஏதாவது இருக்கிறதா?”
பாவம், உதவத்தான் கேட்டாள்.

கெம்பராஜு தன் போனைத் துழாவி எடுத்துக் கொடுத்தார்.
இரண்டு வருஷம் முந்தி, ஆட்டோ ஏறிய காலை.
சாப்பிட்டு மடித்த இலை மாதிரி என் ஷட்டர்.
அதற்கு முன்னால், நடைபாதையில் நான்,
கேஸ்கட்டுகளை முழங்கை வரை
வளையலாக மாட்டிக்கொண்டு
யாருக்கோ சில்லறை எண்ணுகிறேன்.
“இதைக் கொடு, தேதி யார் பார்க்கிறான்?”

கொடுத்திருக்கலாம்.
பொய்க்குப் பயந்தவள் என்று சொல்லமாட்டேன்.
அந்தத் தகரத்தை நிமிர்த்த
வெல்டர் மஜீத் நாலாயிரம் வாங்கினார்,
நாலு தவணையில் அடைத்தேன்.
நிமிர்த்தியதை மறுபடி மடக்க,
காகிதத்தில் என்றாலும்,
கை வரவில்லை.

அவர்கள் இருவருக்கும் கிடைத்தது.
மூங்கில் வந்தது, பச்சை வலை வந்தது.
ஆறடிக்காக வலையை நிறுத்த முடியாதாம்,
என்னையும் சேர்த்து மூடினார்கள்.
இரண்டு மாசம் பச்சை வெளிச்சத்தில்
கேஸ்கட் விற்றேன், பெரும்பாலும் விற்கவில்லை.
“கடையை மூடிட்டீங்களா அக்கா?” என்று போன்.
“இல்லப்பா, வலைக்குள்ள இருக்கேன்.”

வலை இறங்கியது.
அந்தப் பக்கம் தந்த நிறம்,
இந்தப் பக்கம் தந்த நிறம்,
ஒரே அளவில் காப்பிக்கொட்டை எழுத்துகள்.
சம்ஷீர் பாயின் ஜிகினா நட்சத்திரங்கள்
எந்த மூட்டையில் போயின, தெரியாது.
பிரஷ் தவறி என் சுவரிலும்
ஒரு சாண் தந்தம் ஏறியிருக்கிறது.
நான் அழிக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

கெம்பராஜு வியாழன்தோறும் ஃபைலோடு போகிறார்.
பாதிப் பணம் இன்னும் வரவில்லை.
பில்லின் நகலைத் தானே எடுத்து
கல்லாவில் இரண்டு ரூபாய் போடுகிறார்,
கணக்கு கணக்காம்.

இப்போது வழி கேட்டால் தெருமுனையிலேயே
“அந்த நீலக் கடை” என்கிறார்கள்.

மழை பெய்தால் மூன்று கடைக்கும்
பின்சுவர் ஒரே இடத்தில்தான் கசிகிறது.
படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

நேற்று சுஷ்மா வந்தாள்,
‘பின்பு’ படம் எடுக்க.
வலப்பக்கம் எடுத்தாள், இடப்பக்கம் எடுத்தாள்.
என் முன்னால் கொஞ்சநேரம் நின்றாள்.
தோள்பையைத் திறந்து,
லேசருக்கும் ஃபைலுக்கும் நடுவிலிருந்து
ஒரு மூடியை உருவினாள்.

“ஐந்து லிட்டர்” என்றாள்.
“விசிலே வருவதில்லை.”